ஹாஃப் டோம் ஏற பெர்மிட்: படிவத்தை நிரப்பும்போதே பாதி மலை ஏறியாயிற்று

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் நுழைய வாசலில் நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். அங்கே உள்ள ஹாஃப் டோம் என்ற பாறை மலையின் உச்சிக்கு அது செல்லாது. கடைசி 400 அடி செங்குத்துப் பாறையை இரண்டு இரும்பு கேபிள்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். பனிக்காலத்தில் கேபிள்கள் பாறைமேல் படுத்துக் கிடக்கும். மே கடைசி வாக்கில் கம்பங்களை நட்டு அவற்றைத் தூக்கி நிறுத்துவார்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் போலக் கழற்றிவிடுவார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க, பகலோ நள்ளிரவோ, பெர்மிட் இல்லாமல் சப்டோமில், அதாவது கேபிள்களுக்கு முன்னால் வரும் சிறிய பாறைக் குன்றில், கால் வைக்கக் கூடாது. விடியும் முன்பே, பூங்காக் காவலரான ரேஞ்சர் வருவதற்குள் ஏறிவிடலாம் என்று சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது யோசனை சொல்வார்கள். மாட்டினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

2010க்கு முன் இந்தக் கெடுபிடி கிடையாது. கோடைச் சனிக்கிழமைகளில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறுவார்கள். மேலே போகிறவருக்கும் கீழே வருகிறவருக்கும் ஒரே பாதை. நடுவில் ஒருவர் பயந்து நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். இடி மேகம் திரண்டாலும் யாராலும் சட்டென்று இறங்க முடியாது. 2010ல் வார இறுதிக்கும் விடுமுறை நாட்களுக்கும் பெர்மிட் வந்தது, 2011லிருந்து எல்லா நாளுக்கும். இப்போது ஒரு நாளைக்கு 300 பேர்தான்: ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் ஏறக்குறைய 225, காட்டில் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் 75.

அந்த 225 இடங்களுக்கான முதல் குலுக்கல் மார்ச் 1 முதல் 31 வரை, ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில். முதல் நாளே முந்தினாலும் கடைசி நாள் போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான், அவசரம் தேவையில்லை. முடிவு ஏப்ரல் நடுவில் வரும். விண்ணப்பத்துக்கு 10 டாலர். அது எந்த நிலையிலும் திரும்பாது. இடம் கிடைத்தால் மட்டும் தலைக்கு இன்னொரு 10 டாலர். குழந்தைகளுக்கும் தனி பெர்மிட் வேண்டும்.

ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை, ஏழு தேதிகள் வரை கேட்கலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேட்ட அத்தனை இடமும் அந்தத் தேதியில் மிச்சமிருந்தால்தான் சீட்டு விழும். "வந்தா வரட்டும்" என்று ஆறு போடாதீர்கள். உறுதியாக வருகிற மூவருக்கு மூன்று போடுங்கள். ஏழு தேதிகளையும் சனி, ஞாயிறாக நிரப்புவது வீண். செவ்வாய், புதனுக்குப் போட்டி குறைவு. ஒரு நாள் லீவு எடுக்க முடியுமானால் அந்த லீவை இதற்குச் செலவழிக்கலாம். மே கடைசித் தேதிகளை நான் தவிர்ப்பேன். பனி அதிகமான ஆண்டுகளில் கேபிள் ஏற்றுவதே தள்ளிப்போகும். அப்படியானால் தலைக்குக் கட்டிய 10 டாலர் திரும்பும், எடுத்த லீவு திரும்பாது. செப்டம்பரில் வெயிலும் இடிமழையும் தணிந்திருக்கும், ஆனால் பகல் குறுகும்.

அடுத்தது பெயர்கள். பெர்மிட் குழுத் தலைவர் பெயரில் வரும். கூடவே ஒரு மாற்றுத் தலைவரையும் குறிப்பிடலாம். அந்த இருவரில் ஒருவர் புகைப்பட அடையாள அட்டையுடன் மலையில் இருந்தாக வேண்டும். மாற்றுப் பெயரைப் பிறகு சேர்க்க வழியில்லை. தலைவருக்கு அன்று காய்ச்சல் வந்தால் மற்ற ஐந்து பேரும் சப்டோம் அடியிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வாய்ப்பைக் கூட்டுவதாக நினைத்து ஒரே ஆளை இரண்டு விண்ணப்பங்களில் தலைவராகப் போட்டால் எல்லாமே ரத்தாகும். கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று தனித்தனியாகப் போடலாம். ஆனால் ஒருவர் விண்ணப்பத்தில் மற்றவரை மாற்றுத் தலைவராக எழுதக் கூடாது. காசு கொடுத்து வேறொருவரின் பெர்மிட்டை வாங்குவதும் செல்லாது.

மார்ச்சைத் தவறவிட்டவர்களுக்குத் தினசரிக் குலுக்கல் இருக்கிறது. ரத்தானவையும் மிச்சமானவையுமாக நாளொன்றுக்குச் சுமார் 50 இடம். ஏறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நள்ளிரவு முதல் மாலை 4 மணி வரை விண்ணப்பிக்க வேண்டும், முடிவு அன்று மாலையே. சனிக்கிழமை ஏற வியாழக்கிழமை. நேரமெல்லாம் கலிபோர்னியா நேரம். இந்தியாவிலிருந்து போடுகிறவர்களுக்கு வியாழன் பகல் 12:30 முதல் வெள்ளி அதிகாலை 4:30 வரை. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் படுத்துவிடும் என்பதால், நல்ல இணைப்பு உள்ள இடத்திலிருந்து போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிடைத்த பெர்மிட்டைத் தாளில் அச்சடித்தோ போனில் இறக்கியோ வைத்திருங்கள். மின்னஞ்சலை மலையில் தேடிக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

மூன்றாவது வழி, இரவு தங்குவதற்கான காட்டு பெர்மிட். அதற்கு விண்ணப்பிக்கும்போதே ஹாஃப் டோமையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் 60 சதவீத இடங்கள் 24 வாரம் முன்பே குலுக்கலில் போய்விடும், மீதி 40 சதவீதம் ஏழு நாள் முன்பு திறக்கும். கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். ஒரே நாளில் முடிக்கத் தெம்பில்லாதவர்களுக்கு இதுதான் சரியான வழி. இன்னொரு வேடிக்கை: சப்டோமைத் தொடாமல் செங்குத்து முகத்தில் கயிறு கட்டி ஏறிவரும் பாறையேறிகளுக்கு, கேபிள் வழியாக இறங்க பெர்மிட் வேண்டாம். அவர்களுக்கு அந்தச் சலுகை தகும்.

பெர்மிட் கையில் இருந்தாலும் அன்று ஏறியே தீர வேண்டும் என்பதில்லை. மிஸ்ட் டிரெயில் வழியாகப் போய்வர 14 மைல், ஜான் மியூர் டிரெயில் வழியாக 16 மைலுக்கு மேல். ஏற்றம் 4,800 அடி, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். வெர்னல் அருவிக்குக் கீழே உள்ள பாலத்தருகே கோடையில் குழாய் இருக்கும். அதற்கு மேல் மெர்செட் ஆற்று நீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். கேபிளைப் பிடிக்க உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்டவேலைக் கையுறை போதும்; அதைக் கேபிள் அடியில் விட்டுவிட்டு வராதீர்கள். மதியம் மூன்றரை மணிக்குள் உச்சியைத் தொடவில்லை என்றால் எங்கே நின்றாலும் திரும்புங்கள். கோடை மதியங்களில் சியரா மலைகளில் இடிமேகம் சட்டென்று கூடும். பல ஆயிரம் பேர் கால்பட்டு வழவழப்பான கிரானைட் நனைந்துவிட்டால் எந்த ஷூவும் பிடிக்காது. 2024 ஜூலையில் கேபிளில் இறங்கும்போது மழையில் சறுக்கி ஓர் இளம்பெண் இறந்தார். வானம் இருண்டால் சப்டோம் படிகளிலேயே கால் வைக்காதீர்கள். மழை பெய்தது என்பதற்காகப் பணமும் திரும்பாது, அதை மறந்துவிடுங்கள்.

இரண்டு குலுக்கலிலும் விழவில்லையா? சப்டோம் அடிவரை பெர்மிட் இல்லாமலே நடக்கலாம். அதைவிட நல்லது கிளவுட்ஸ் ரெஸ்ட். 9,926 அடி, ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். டியோகா சாலையில் சன்ரைஸ் லேக்ஸ் பாதையில் தொடங்கினால் போய்வர ஏறக்குறைய 14 மைல். பகலில் போய்த் திரும்ப பெர்மிட் தேவையில்லை, கேபிளும் கிடையாது. டியோகா சாலை பனி நீங்கித் திறந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் ஜூலை வரைகூட இழுக்கும்.