மாத்திரைப் பை

வார்டில் எட்டு வருடம் நர்ஸாக ஓடிய பிறகு, கேர் கோ-ஆர்டினேட்டர் என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுகர், பிபி, இதயம், சிறுநீரகம் என்று ஆயுளுக்கும் கூடவே வரும் வியாதிக்காரர்களை விட்டுவிடாமல் பின்தொடரும் வேலை. ஒரு போன், ஒரு எக்செல் ஷீட், அதில் இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். "நைட் டூட்டி கிடையாது, ஊசி கிடையாது, உனக்கென்ன!" என்றார்கள் தோழிகள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் டாக்டர் எதிரில் பத்து நிமிடம் இருந்தால், வருடத்துக்கு மொத்தமே 40 நிமிடம். வருடத்தில் இருப்பது 8,760 மணி நேரம். மீதியெல்லாம் வீட்டில், அவர்கள் கையில். இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு அம்மாவின் மாத்திரைப் பை சொல்லித் தந்தது.

எழுபதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்து வீடு திரும்பியிருந்தார். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் போன் போட்டேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களாம்மா?" "எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கறேன் கண்ணு." ஷீட்டில் பச்சை. அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு பச்சை. அதற்கடுத்த வாரம் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, மகள் தூக்கிக்கொண்டு வந்தார். சுகர் 48-க்கு இறங்கியிருந்தது.

அவர் தெளிந்த பிறகு பையை வாங்கி மேஜையில் கவிழ்த்தேன். பாதி தீர்ந்த அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டவை, கத்தரித்ததில் பெயரே போன துண்டுகள். அதில் ஒரு நீல அட்டை, ஒரு வெள்ளை அட்டை. பிராண்ட் பெயர்கள் வேறு வேறு. அடியில் பொடி எழுத்தில் இரண்டிலும் சுகரைக் குறைக்கும் ஒரே மருந்து: கிளிமிபிரைடு. ஒன்று அவர் வழக்கமாகப் பார்க்கும் சுகர் டாக்டர் எழுதியது. இன்னொன்று வார்டிலிருந்து கொடுத்தனுப்பியது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்த வயதானவர்களுக்கு இந்த மருந்தில் சுகர் இறங்கினால் சட்டென்று ஏறாது. இவர் இரண்டையும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். ஒழுங்காகத்தான்! அவர் பொய்யே சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார்.

இரண்டு பச்சைக் கட்டங்களையும் நானே அழித்தேன். அன்றிலிருந்து "ஒழுங்கா" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். பையைக் கவிழ்க்கச் சொல்வேன். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பொடி எழுத்தையும் படிக்கச் சொல்வேன். எது காலையில், எது ராத்திரி, எது எதுக்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். விட்டுப்போனதைக் கேட்கும் விதமும் மாறியது. "விடாம போடுறீங்களா?" என்றால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "எல்லாருக்கும் விட்டுப்போறதுதான், போன வாரம் உங்களுக்கு எத்தனை தடவை?" என்றால் மனம் திறக்கும். நீண்டகால மருந்துகளை வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயாளிகளைத் திட்டுவதற்கு இந்த எண்ணை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே அறிக்கை, அவர்களைக் குறை சொல்லாதீர்கள், துணை நில்லுங்கள் என்கிறது. அந்தப் பக்கம் வரை யாரும் போவதில்லை போலிருக்கிறது.

பையில் வராத மருந்தும் உண்டு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுவதை ஜனங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "வேற மாத்திரை எதுவும் போடலையே?" "இல்லம்மா." "வலிக்கு?" "அது எப்பவாவது." கிண்டினால் தினமும் இரண்டு. குறிப்பிட்ட வகை பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அதன் மேல் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏன் ஏறியது என்று எல்லோரும் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், விடை தலையணைக்கு அடியில் இருக்கும்.

இன்னொருவர், இதயம் பலவீனமானவர். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தங்கும் நீர். மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அவர் நோட்டு அவ்வளவு சுத்தம். ஒன்பது நாள் வரிசையாக 71.5. எனக்கு அந்தச் சுத்தம்தான் உறுத்தியது. மனுஷ உடம்பு அப்படி நிற்காது. நேரில் வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றினார், வார் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே நின்றது. எடை 74.8.

"நோட்டுல 71.5-னு இருக்கே ஐயா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். சுகரால் விழித்திரை கெட்டு, நின்றபடி கீழே இருக்கும் எண் அவருக்குத் தெரியாது. பேரன்தான் பார்த்துச் சொல்வான். பேரன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். கடைசியாக அவன் சொன்னதையே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். "மருமகளைத் தினமும் காலங்காத்தால கூப்பிடணுமேன்னு..." கண் டாக்டரின் சீட்டு அதே ஃபைலில், நான்கு பக்கம் தள்ளி இருந்தது. அவரை எடை மெஷினில் ஏறச் சொன்ன எங்களில் ஒருவர்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எண்ணை வாயால் சொல்லும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். மருமகளோடு பேச வேண்டியதும் இருந்தது, அது நீளமான கதை.

டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் சீட்டும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். இதய டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டுவார், சிறுநீரக டாக்டர் குறைப்பார். எதைக் கேட்பது என்று போன் செய்தால் இரண்டு பக்கமும் "அவரையே கேட்டுக்கோங்க" என்பார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தாளில் ஒரு அட்டவணை போட ஆரம்பித்தேன். மருந்து, எதற்கு, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் எல்லோரும் போடுவதுதான். "யார் ஆரம்பித்தது, யார் மாற்றலாம்" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, "இதுல என் பேர் எதுக்கு மூணு இடத்துல இருக்கு?" என்று கேட்டு, தானே இரண்டு மருந்தை நிறுத்தினார்.

எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரை மாற்றிய மூன்றாவது வாரமே சுகரின் மூன்று மாதச் சராசரி டெஸ்டை எடுத்துப் பார்த்து, "ஒண்ணும் குறையலையே" என்று உடைந்துபோகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த டெஸ்ட் பார்ப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சுகரை, சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், பழைய சுகரின் கதையைத்தான் அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று முன்பே விளக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகிறது.

அந்த அம்மாவுக்கு இப்போதும் மாதம் ஒரு தடவை போன் போடுகிறேன். "இரு கண்ணு" என்பார். பை கவிழும் சத்தம், பிறகு கண்ணாடியைத் தேடும் சத்தம். பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார், பொறுமையாக எழுதிக்கொள்வேன். போன மாதம் எல்லாம் முடிந்ததென்று போனை வைக்கப் போனேன்.

"இன்னொண்ணு இருக்கு. கண்ணுல விடுற சொட்டு மருந்து, புதுசா குடுத்தாங்க. இதையும் எழுதிக்கிறியா?"