உயர்த்திய ஹைலக்ஸுக்கு அப்பர் ஆர்ம் மாற்றியபோது பட்ட பாடு

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு அப்பர் ஆர்ம்களையும் (முன் சில்லை மேற்பக்கம் பிடித்திருக்கும் இரும்புக் கைகள்) முற்றத்தில் பாய் விரித்துப் பக்கம் பக்கமாக வைத்தபோதுதான், இரண்டுமே இடப்பக்கத்துக்கு உரியவை என்பது தெரிந்தது. ஒரு சோடி என்றால் ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இவையோ ஒரே காலுக்குத் தைத்த இரண்டு செருப்புகளைப்போல் ஒரே திசையில் வளைந்து கிடந்தன. அதற்கு முன்பே கண்டிக்கு ஒரு வீண் பயணம் போய் வந்திருந்தேன். தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. இன்று வாகனம் நேராக ஓடுகிறது என்ற நிம்மதி இருந்தாலும், அந்த ஏழு வாரங்களில் ஐந்தையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

என்னுடையது 2012ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப். புல்மோட்டைக்கு அப்பால் தென்னமரவாடியில் எங்களுக்கு வயல் இருக்கிறது. பெரும்போக மழை தொடங்கிவிட்டால் கடைசிச் சில கிலோமீற்றர் கிறவல் பாதையில் டிரக்டர் சில்லுகள் கிழித்த தடங்களுக்குள் வாகனத்தின் வயிறு தட்டும். அதனால் முன் ஸ்பிரிங்குகளையும் ஷொக் அப்சோபர்களையும் மாற்றி 50 மில்லிமீற்றர் உயர்த்தினேன். அந்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

தொல்லை பிறகு வந்தது. கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் நேர்ப்பாதையில் எண்பதுக்கு மேல் போனால் ஸ்டியரிங் மிதப்பதுபோல் இருந்தது. வளைவில் திருப்பிய பிறகு தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. எதிரே லொறி கடந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பள்ளத்தில் சில்லு தொங்கும்போதெல்லாம் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கும் ஓசை கேட்டது. மூன்று மாதங்களுக்குள் இடப்பக்க முன் டயரின் வெளி ஓரம் மழுங்கிவிட்டது.

கண்டியில் நவீன வீல் எலைன்மென்ட் இயந்திரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை நம்பி, திருகோணமலையிலிருந்து சுமார் 180 கிலோமீற்றர் ஓடிப் போனேன். அங்கே முக்கியமாக அளந்தது காஸ்டரை, அதாவது சில்லு திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னோக்கிச் சாயும் அளவை; அது குறைந்தால்தான் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. அளவெடுத்த தாளில் இடப்பக்கக் காஸ்டர் 0.7 பாகை, வலப்பக்கம் 1.1 பாகை, கேம்பர், அதாவது சில்லின் மேற்பகுதி உள்ளே வெளியே சாயும் அளவு, இரு பக்கமும் வெளிநோக்கிச் சாய்வு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. இயந்திரத்தை இயக்கியவர் கீழே இறங்கி, கீழ்க் கையான லோவர் ஆர்மை நகர்த்தி இந்த அளவுகளைச் சரிசெய்யும் கேம் போல்ட்டில் ஒரு தடவை சாவியை வைத்துத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. உடனே எழுந்து, "உயர்த்தினா இப்படித்தான் சேர், ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லி, டோ அளவை (முன் சில்லுகள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து, முழு வேலைக்கும் உரிய பணத்தை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது பாதிதான் உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மீதிப் பாதியைச் சொன்னவர் கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும், நாங்கள் 'நானா' (அண்ணன்) என்று அழைக்கும் ஒருவர். அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாகனத்துக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது அவர் விரல் நுனிகளில் செம்மண்போல் துரு ஒட்டியிருந்தது. "தம்பி, ஆர்ம் வாங்கிறதப் பிறகு பாப்பம். இந்த நாலு கேம் போல்ட்டும் புஷ்ஷுக்குள்ள ஒட்டிப்போய்க் கிடக்கு. இது சுழண்டாத்தான் எந்த எலைன்மென்டும்" என்றார்.

நிலாவெளிக் கடற்கரையிலும் இறக்கக்கண்டிப் பக்கத்திலும் நாளாந்தம் ஓடுகிற வாகனங்களில் இது வழமையாக நடப்பது. உப்புக்காற்றும் ஈர மணலும் போல்ட்டுக்கும், ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷின் உட்குழாய்க்கும் இடையில் புகுந்து, இரண்டையும் ஒரே இரும்பாக்கிவிடுகின்றன. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், சூடு காட்டிப் பார்த்தோம். ஒன்று மட்டுமே கழன்றது. மற்ற மூன்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் விரற்கடை அளவு இரும்பு பளபளக்க, சுற்றிலும் துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. லோவர் ஆர்ம் புஷ்களையும் சேர்த்து மாற்றி, புதிய போல்ட்டுகளுக்கு நிறையக் கிறீஸ் பூசிப் போட்டோம். ஆகவே, எலைன்மென்டுக்குப் போவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் கேம் போல்ட்டுகள் நான்கும் சுழல்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை சுழலாத வாகனத்தை எந்த ஊர் இயந்திரத்தில் ஏற்றினாலும் பயனில்லை.

அதன் பிறகு திருகோணமலை நகரிலேயே அளந்தோம். கேம்பர் சரியாக வந்தது. ஆனால் கேம் போல்ட்டுகளின் அசைவு முழுவதும் அதற்கே செலவாகிவிட்டதால், காஸ்டர் இடப்பக்கம் 1.4, வலப்பக்கம் 1.6 பாகையோடு நின்றுவிட்டது. இப்போதுதான் அப்பர் ஆர்ம் தேவை என்பதைத் தாளில் கண்டு முடிவெடுக்க முடிந்தது. இதைவிடக் குறைவாக உயர்த்தியிருந்து, போல்ட்டுகளும் நல்ல நிலையில் இருந்தால், கம்பனி ஆர்மோடேயே பலருக்குச் சமாளித்துவிடலாம். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எந்த ஆர்ம் என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதற்காக வருந்தவும் இல்லை. உயர்த்திய வாகனத்துக்கென்று விற்கப்படும் ஆர்ம்கள் சிலவற்றில் கூடுதல் காஸ்டர் வார்ப்பிலேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும்; அவற்றை மாட்டினால் போதும், ஆனால் கிடைப்பது ஒரே அளவுதான். வேறு சிலவற்றில் புஷ் பக்கத்தில் மரை வெட்டிய தண்டு இருக்கும். லொக் நட்டைத் தளர்த்தி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இன்னும் சிலவற்றில், ஆர்மின் நுனியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் உட்காரும் இடமே நடுவை விட்டு விலகி இருக்கும். அதைச் சுழற்றி வைத்து இறுக்கினால் காஸ்டரும் கேம்பரும் மாறும். மரைத்தண்டு வகைதான் நுணுக்கமாகச் சரிசெய்யக்கூடியது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த மரையைப் பார்த்தவுடன் வெட்டி எறிந்த கேம் போல்ட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. திறந்த மரை எங்கள் கரையோரத்தில் இரண்டு பெரும்போகம் தாங்குமா என்பது சந்தேகம். சுழலாமல் இறுகிப்போனால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்த வசதியால் பயனேது?

இதே காரணத்தால்தான் போல் ஜொயின்ட்டுக்குப் பதிலாக வரும் யூனிபோல் என்ற உலோக மூட்டு வகையையும் விட்டேன். அது நல்ல வீச்சுக் கொடுக்கும், பலமும் உண்டு. ஆனால் அதில் உருளும் உலோக மேற்பரப்பு பெரும்பாலும் வெளியே தெரியும்படி இருக்கும். மணலும் உப்புநீரும் அதில் புகுந்தால் சில மாதங்களில் தட்டத் தொடங்கிவிடும். ரப்பர் உறையால் மூடி, கிறீஸ் நிப்பிள் வைத்த போல் ஜொயின்ட்தான் எங்களுக்குப் பொருத்தம். புஷ் விடயத்திலும் பொலியூரத்தேனைவிட ரப்பரையே தேர்ந்தேன். பொலியூரத்தேன் தேய்வது குறைவு என்றாலும், அதைக் காலத்துக்குக் காலம் கழற்றிக் கிறீஸ் பூசாவிட்டால் மணல் சேர்ந்து கிறீச்சிடும்.

கடையில் கேட்க வேண்டிய இன்னொரு முக்கியமான கேள்வி, போல் ஜொயின்ட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, அதற்கான மாற்று இங்கே கிடைக்குமா என்பது. சில ஆர்ம்களில் அது நிரந்தரமாக அடித்து இறுக்கப்பட்டிருக்கும்; அது தேய்ந்தால் ஆர்மையே தூக்கி எறிய வேண்டும். நான் வாங்கியது நடுவிலகிய போல் ஜொயின்ட் வகை. ஜொயின்ட்டை மட்டும் தனியே வாங்கலாம்.

ஆர்ம் மாற்றினால், முன் சில்லைச் சுழற்றும் தண்டான ட்ரைவ் ஷாஃப்ட்டின் சாய்வும் சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அது தவறு. அந்தச் சாய்வு உயரத்தால் வருவது. அப்பர் ஆர்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை நம்பி மேலும் உயர்த்தினால் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியே தெறிக்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையோடு தொலைபேசியில் பேசிப் பணம் அனுப்பி எடுப்பித்த பெட்டிதான் நான் முதலில் சொன்ன பெட்டி. அழைத்தபோது, பெட்டியைப் பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று மேசையில் இருந்தவர் சொல்லிவிட்டார். பற்றுச்சீட்டிலும் "அப்பர் ஆர்ம் 1 சோடி" என்று மட்டுமே எழுதியிருந்தது. இடது, வலது என்ற பேச்சே இல்லை. மூன்று நாள் அழைத்தும் அதே பதில். நான்காம் நாள், இரண்டு ஆர்ம்களிலும் பொறித்திருந்த ஒரே இலக்கம் தெரியும்படி, பற்றுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து முதலாளியின் இலக்கத்துக்கு அனுப்பினேன். "சோடி என்று எழுதியது உங்கள் கடை, ஒரே இலக்கம் இரண்டு இருந்தால் அது சோடி ஆகாது" என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். அன்று மாலையே வலப்பக்க ஆர்ம் பஸ்ஸில் ஏற்றப்பட்டது. பற்றுச்சீட்டில் இரண்டு இலக்கங்களையும் தனித்தனியாக எழுதுவித்து, அனுப்புவதற்கு முன் படம் கேட்டிருந்தால் இந்தப் பன்னிரண்டு நாட்கள் போயிருக்காது.

பொருத்தும்போது சிக்கல் கொடுத்தது நீண்ட போல்ட். கம்பனி ஆர்மை இரண்டு புஷ்களுக்கும் ஊடாக ஒரே போல்ட் தாங்குகிறது. அதை வெளியே இழுக்க இடமில்லாமல் உட்தகட்டின் விளிம்பு மறிக்கிறது. நானா விளிம்பைக் குறட்டால் பக்குவமாக மடக்கி வழி எடுத்தார், வெட்ட வேண்டியிருக்கவில்லை. போல் ஜொயின்ட்டைக் கழற்றும்போது மரை நுனியில் அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் (சில்லைத் தாங்கும் இரும்புத் துண்டு) பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் தானே விடுபடும். பழைய ஆர்மில் பிடித்திருக்கும், பிரேக்குக்கான ஏபிஎஸ் வயரை மறக்க வேண்டாம். புதியதில் அதற்கான துளை வேறிடத்தில் இருந்தது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, சில்லைத் தொங்கவிட்டும் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று உறுதிசெய்த பிறகே கட்டினோம்.

ரப்பர் புஷ் போட்டவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வாகனம் ஜாக்கில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுதியாக இறுக்கக் கூடாது. சில்லுகள் தரையில் நின்று, பாரம் ஸ்பிரிங்கில் இறங்கிய பின்புதான் இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். கராஜில் இருந்த உதவியாளர் அவசரத்தில் இடப்பக்கத்தை மேலேயே இறுக்கிவிட்டதை நானா கண்டு, மறுபடி தளர்த்தி, வாகனத்தை இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தரம் அழுத்தி ஆட்டிவிட்டுத்தான் இறுக்கினார்.

இறுதி அளவீட்டில் காஸ்டர் இடப்பக்கம் 3.6, வலப்பக்கம் 3.3 பாகை. இந்தச் சிறு வித்தியாசத்தை நாங்களே கேட்டு வைத்தோம்: நாம் இடப்பக்கமாக ஓடுகிறோம், தெருவும் நீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிந்திருக்கிறது, வாகனமோ காஸ்டர் குறைந்த பக்கத்துக்கே இழுபடும். ஆகவே வலப்பக்கம் சற்றுக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இன்னும் கூட்டலாம் என்று எலைன்மென்ட் செய்தவர் சொன்னார்; மறுத்தேன். காஸ்டரை அப்பர் ஆர்மால் மிஞ்சிக் கூட்டினால் சில்லு பின்னோக்கி நகர்ந்து, திருப்பும்போது டயர் மட்காட்டின் பின்பக்கத்தை உரசும், ஸ்டியரிங்கும் பாரமாகும்.

மறுநாள் கந்தளாய் நேர்ப்பாதையில் ஓட்டினேன். லொறிகள் கடந்தன, ஒரு கை போதுமாக இருந்தது. வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தியபோது ஸ்டியரிங் தானாகச் சுழன்று நடுவில் வந்து நின்றது. 500 கிலோமீற்றரில் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம். வலப்பக்கத்தில் ஒன்று கால் சுற்று வாங்கியது. கடற்கரை மணலில் ஓடிய நாட்களில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் அடித்து ஆர்ம்களைக் கழுவுகிறேன். மாரி முடிந்ததும் கேம் போல்ட்டுகளின் இப்போதைய நிலையை வெள்ளை மையால் குறித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கிறீஸ் பூசி, அதே குறியில் திரும்ப இறுக்க நானாவிடம் நாள் கேட்டிருக்கிறேன்.