பனங்கிழங்கு அலகைத் தேடி: பழம்பாட்டோடு வேடந்தாங்கல்

தை மாதத்தில் செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகிற சாலையோரத்தில் பனங்கிழங்கைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் அவித்த கிழங்காக ஒரு கட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தின்பதற்கு மட்டுமல்ல. தோலை உரித்து, ஒரு கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓடும் குருத்தை எடுத்துவிட்டு, இரு பாதிகளையும் அடிப்பக்கம் சேர்த்து நுனிப்பக்கம் கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள். அடி பருத்து, நேராக நீண்டு, ஊசிபோல் முடிகிற ஒரு பறவை அலகு கையில் இருக்கும்.

சத்திமுத்தப் புலவர் பாடியது இதைத்தான். "நாராய் நாராய் செங்கால் நாராய், பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்" என்ற வரிகளைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். வறுமையில் வாடும் கணவன் ஊரில் இருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புவதாக மட்டுமே அந்தப் பாட்டை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மூன்று வரிக்குள் ஒரு பறவையின் அடையாளக் குறிப்பு முழுமையாக இருக்கிறது: கால் சிவப்பு, அலகு பவள நிறம், அலகின் வடிவம் பிளந்த பனங்கிழங்கு. தெற்கே குமரியாடிவிட்டு வடக்கே திரும்புகிற பறவை என்று வலசையும் வந்துவிடுகிறது. பாடுகிறவர் வாடைக் காற்றில் நடுங்குகிறார். ஆக, பருவமும் தெரிகிறது. இவ்வளவு துல்லியமான குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நாரைகள் கூடும் ஏரிக்குப் போனால், அந்தப் பறவை அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா?

ஏரிக்கு வழி எளிது. சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுரோட்டில் வலப்புறம் திரும்ப வேண்டும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. வயல்களுக்கு நடுவே போகிறது சாலை. செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் ஊர்ப் பேருந்துகள் உண்டு, ஆனால் குறைவு. இறங்கும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துனரிடம் கேட்டு வைக்காதவர்கள் இருட்டில் சாலையில் நிற்க நேரும்.

ஏரி பெரியதல்ல, 30 ஹெக்டேர்தான். 'வேடர்கள் தங்கிய இடம்' என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கும் சிறிய ஏரி என்றும் பொருள் உண்டு. பழவந்தாங்கல் போல இந்த வட்டாரத்தில் 'தாங்கல்' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பல. ஏரிதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது என்றே எனக்குப் படுகிறது. 1798இல் இந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய், இங்கே பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, எழுதி வாங்கினார்கள். பறவைமேல் இருந்த அன்பு மட்டும் காரணமில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்திருக்கும். அது மடை வழியாக நெல்வயலுக்குப் போகும். உரக்கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவர்களுக்கு அது தெரிந்திருந்தது. 2022இல் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

எப்போது போவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் நாள்காட்டியைப் பார்ப்பதைவிட மழையைப் பார்க்க வேண்டும். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் அடிமரம் மூழ்க நீரில் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் காட்டுப்பூனையும் நரியும் மரத்தை நெருங்காது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் டிசம்பரில் போனாலும் வெறும் மரங்களைத்தான் பார்க்க முடியும். நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை போவது சிறப்பு. முட்டையில் அமர்ந்தவை, குஞ்சுக்கு ஊட்டுபவை, பறக்கப் பழகும் இளசுகள் எல்லாவற்றையும் ஒரே மாலையில் காணலாம். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும், பறவைகளின் ஒலி காதில் விழாது.

நாளில் இரண்டு வேளைதான்: காலை 6 முதல் 8, மாலை 4 முதல் 6. நடுப்பகலில் பெரும்பாலானவை இரை தேடப் போயிருக்கும், மிச்சம் இருப்பவை கூட்டில் கண்மூடி நிற்கும். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் மாலையையே சொல்வேன். சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்த அத்தனையும் திரும்பும் நேரம் அது. கரைமேல் நிற்கும்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் தேடிக்கொள்ளுங்கள். வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கரிய நிழலுருதான். காலின் நிறமும் தெரியாது, அலகின் நிறமும் தெரியாது. பவளமா மஞ்சளா என்று பார்க்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

பைனாகுலர் 8x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மி.மீ.தான் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டம். அது பெரிதாக இருந்தால் அந்தி மங்கலிலும் நிறம் தெரியும். 12, 16 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கைநடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகிவிடும். வாங்கியவர்களில் பாதிப்பேர் கருவியைத் தம் கண்ணுக்குப் பொருத்துவதே இல்லை, பிறகு 'மங்கலாக இருக்கிறது' என்கிறார்கள். இரு குழல்களையும் மடக்கி விரித்து, ஒரே வட்டம் தெரியும்படி செய்யுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடக்கண்ணால் ஒரு கிளையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அடுத்து இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வில்லையை ஒட்டியுள்ள வளையத்தை மட்டும் திருகி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். அதோடு அந்த வளையத்தின் வேலை முடிந்தது. இனி நடுச்சக்கரம் மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்ணருகே உள்ள ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். பறவையைக் கண்டால் பார்வையை அதிலிருந்து எடுக்காமல் கருவியை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கருவியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தப்பிவிடும்.

புத்தகமும் வேண்டும். சலீம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தது. அதன் பிறகு எத்தனையோ வழிகாட்டிகள் வந்துவிட்டன. எதுவானாலும் சரி, ஆனால் அதைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். முதலில் பறவை, பிறகு குறிப்பேடு, கடைசியில்தான் புத்தகம். படத்தை முதலில் பார்த்துவிட்டால் கண் அந்தப் படத்தையே எதிரே தேடும், இல்லாத நிறத்தையும் இருப்பதாகக் காணும். குறிப்பேட்டில் அலகின் வடிவம், அலகின் நிறம், காலின் நிறம், பறக்கும்போது கழுத்து எப்படி இருக்கிறது என்ற நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். சத்திமுத்தப் புலவர் அதில் மூன்றைக் கொடுத்துவிட்டார்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைக்குமேல் ஒரு பெரிய பறவை போகிறது. கழுத்தை முன்னே நீட்டிப் பறந்தால் அது நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றில் ஒன்று. கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துக்கொண்டு பறந்தால் கொக்கு இனம். தமிழ்ப் பெயர்கள் இங்கே கொஞ்சம் குழப்பும். சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் அழைப்பவை இரண்டும் கழுத்தை மடித்துத்தான் பறக்கின்றன. உடலமைப்பில் அவை கொக்கின் உறவு. 'செந்நாரை' என்ற பெயரைக் கேட்டுப் பாட்டில் வரும் பறவை அதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. கூழைக்கடாவும் கழுத்தை மடித்தே பறக்கும், ஆனால் அந்த உடலையும் பையலகையும் பார்த்தபின் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள யாராலும் முடியாது.

இனி பாட்டை வைத்துக்கொண்டு மரங்களைப் பாருங்கள். எண்ணிக்கையில் முதலில் கண்ணில் படுவது நத்தைகுத்தி நாரை. அலகின் நிறம் மங்கல், போதாததற்கு மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டிபோல நத்தை ஓட்டை நொறுக்கத்தான் அந்த இடைவெளி என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் அது தின்றுபோட்ட ஓடுகள் பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். கீழலகின் நுனியை நத்தையின் வாய்மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்து, உடலை உருவி எடுத்துவிடுகிறது. நெல்வயலில் கிடக்கும் முழு ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் விளங்கும். பனங்கிழங்கு அலகு இது இல்லை.

அடுத்தது மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றும் பெயர். பாட்டில் வருவது இதுதான் என்று சிலர் சொல்வார்கள். இனப்பெருக்கக் காலத்தில் காலும் சிவந்திருக்கும், நம் ஊரிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் கிழங்கை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதன் அலகு ஆரஞ்சு கலந்த மஞ்சள், நுனி கீழே வளைந்திருக்கும், கூர் இல்லை. வால் பக்கம் தாமரை இதழ் நிறத்தில் இறகுகள், மார்பில் கரும்பட்டை. காலையும் அலகையும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த ஒருவர் அந்த இளஞ்சிவப்பைப் பாடாமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இது மேய்வதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டுப் பக்கத்துக்குப் பக்கம் துழாவும். மீன் உரசினால் அலகு சட்டென மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடுவுணர்வுதான். அதனால் கலங்கிய நீரிலும் அதற்கு இரை கிடைக்கும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை கூட்டின்மேல் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்கும். நாரைகளுக்குக் குரல் இல்லாததுபோலத்தான். ஜோடிகள் சந்திக்கும்போது அலகுகளைத் தட்டிக்கொள்ளும் சடசடப்பு கரைவரை கேட்கும்.

அரிவாள் மூக்கனின் அலகு பெயரிலேயே இருக்கிறது. கரண்டிவாயனுடையதும் அப்படியே. பாம்புத்தாராவின் அலகு கூர்தான், ஈட்டிபோல மீனைக் குத்தும், ஆனால் உடல் கறுப்பு. ஆக, இந்த ஏரி முழுக்கத் தேடினாலும் பவளக் கூர்வாய் இருக்காது. பாட்டுக்குப் பொருந்துவது வேறொன்று: உடல் வெள்ளை, பறக்கும் இறகு கறுப்பு, அலகும் காலும் நல்ல சிவப்பு, அலகு நேராகக் கூர்ந்து முடியும். ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் செங்கால் நாரை. வழிகாட்டி நூலை இப்போது திறந்து அந்தப் படத்தின் அருகே கிழங்கை வைத்துப் பாருங்கள். வலசையும் பொருந்துகிறது, வாடையும் பொருந்துகிறது. தமிழகத்தில் அது இப்போது அரிதாகவே தென்படுகிறது. மரத்தில் கூட்டம் கூடும் ஏரியில் தேடிப் பயனில்லை. அறுவடை முடிந்த வயல்கள், புல்வெளிகள்தான் அதற்குப் பிடித்த இடம். வருகிற வழியில் அறுத்த தாளடிகளின் நடுவே தனியாக நடக்கும் பெரிய வெள்ளைப் பறவை எதையும் கொக்கு என்று விட்டுவிட வேண்டாம், வண்டியை நிறுத்தி அலகைப் பாருங்கள்.

சூரியன் இறங்கியதும் பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். இன்னும் கால்மணி நேரம் இருக்க விட்டால் இருங்கள். மற்றவை அடங்க அடங்க, பகலெல்லாம் இலைக்குள் ஒடுங்கிக் கிடந்த வக்கா என்ற இராக்கொக்கு 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு வேட்டைக்குப் புறப்படும்.

காலையில் வந்தவர்களுக்குத் திரும்பும் வழியில் இன்னொரு பாட்டு காத்திருக்கிறது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர், தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சியாக யாரும் இல்லை என்று தலைவியைச் சொல்ல வைக்கிறார். "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு" என்று, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் ஒரு பறவையை மட்டும் நிறுத்துகிறார். ஏரித் தண்ணீர் வயலுக்குள் பாயும் மடைகளில் வண்டியை மெதுவாக்குங்கள். மண்ணிறத்தில், கழுத்தே இல்லாததுபோலக் குறுகி நிற்கும் அது. குருட்டுக் கொக்கு என்பார்கள், மடையான் என்பார்கள். மடையில் நிற்பதால் வந்த பெயர். கால் பசுமை கலந்த மஞ்சள், தினைத்தாள் தடிமன்தான். இறங்கிக் கதவைச் சாத்தினால் பறந்துவிடும். மண்ணிறப் பறவை அந்தக் கணத்தில் சிறகு விரித்து முழு வெள்ளையாகிவிடும், கால் நிறம் பார்க்க முடியாது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே பாருங்கள். கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள், அது எத்தனை நிமிடம் அசையாமல் நிற்கிறது என்று. ஓடுகிற தண்ணீரை விட்டு ஒருமுறையாவது உங்கள் பக்கம் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.