நின்ற இடமும் நின்ற நேரமும்

கணக்குப் பிரிவின் மேசைக் கணினி மறுபடி இயங்கி, டேலி திறந்து, அந்த மாத ஜிஎஸ்டி விவரங்கள் சேதமில்லாமல் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கணக்காளர் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். “தம்பி, நா அணைச்சதுனாலதான் போச்சுங்களா?” நான் தயங்கவில்லை. “இல்லீங்கக்கா, அதுக்கு முன்னாலயே அப்டேட் நின்னு போச்சு” என்றேன். “அப்பச் சரிங்க” என்று சொல்லிவிட்டு அவர் வவுச்சர்களைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். என் பதில் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொன்ன உறுதிக்கு ஏற்ற ஆதாரம் அப்போது என் கையில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று ஒரு நாளும், இல்லை என்று மறுநாளும் எனக்குத் தோன்றுகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், கிளைகளில் இருந்த கணினிகளை 11-க்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதற்கு முன்பாக ஒவ்வொன்றின் ஃபர்ம்வேரையும் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல், பயாஸ் என்றும் சொல்வோம்) புதுப்பிக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் முடிவு. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்தி, யுபிஎஸ் சரியாக இருப்பதைக் கேட்டு உறுதிசெய்து, தொலைவிலிருந்தே புதுப்பிப்பைத் தொடங்கி வைத்தேன். கணினி மறுதொடக்கத்துக்குப் போனது. அதன் பிறகு திரை வரவில்லை. அக்கா அழைத்தபோது, எதையும் தொடாமல் காத்திருக்கச் சொன்னேன். மதிய உணவு இடைவேளை முடிந்த பிறகும் திரை கருப்பாகவே இருந்தது. இரண்டாம் முறை அழைத்தபோது அவர், “ஃபேன் சத்தம் மட்டும் ஏறி ஏறி எறங்குதுங்க தம்பி, வேற ஒண்ணுமில்ல. அணைச்சுப் போடட்டுங்களா?” என்று கேட்டார். “பவர் பட்டனை அப்படியே அழுத்திப் புடிச்சு அணைச்சிருங்கக்கா” என்றேன். அவர் அணைத்தார். பிறகு போட்டபோது விசிறி சுழன்றது. வேறெதுவும் நடக்கவில்லை, பீப் ஒலிகூட இல்லை.

வழக்கமான வைத்தியங்களை நேரில் போய்ச் செய்து பார்த்தேன். மின்கம்பியைப் பிடுங்கி, பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுப் போட்டேன். ஃபேட் 32 வடிவில் அமைத்த பென் டிரைவில் மீட்புக் கோப்பை வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் விசைகளை அழுத்திக்கொண்டு இயக்கினேன். பென் டிரைவின் விளக்கு ஒருமுறைகூடக் கண்சிமிட்டவில்லை. அந்த மீட்பு வசதியும் ஃபர்ம்வேர் இருக்கும் அதே பயாஸ் சிப்பில் எழுதப்பட்ட நிரல்தான். அந்த நிரலுக்கே சேதம் என்றால் வெளியே இருக்கும் கோப்பைத் தேட உள்ளே ஆள் இல்லை. மதர்போர்டை மாற்றிவிடலாம் என்று கிளையில் சொன்னார்கள். போர்டை மாற்றினால் அதோடு நெட்வொர்க் முகவரியும் வரிசை எண்ணும் மாறும், அவற்றை நம்பியிருக்கும் உரிமங்கள் தகராறு செய்யும் என்பதால், சிப்பை நேரடியாகப் படித்து எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எட்டுக் கால் கொண்ட 16 மெகாபைட் சிப் அது. சிஹெச் 341 ஏ என்ற சில நூறு ரூபாய்க் கருவியையும் ஒரு கிளிப்பையும் வைத்து, சிப்பைப் போர்டிலிருந்து எடுக்காமலேயே படிக்கலாம். அந்தக் கருவியின் பரவலான கறுப்பு வகையில் ஒரு குறை உண்டு: 3.3 வோல்ட் சிப்புக்கும் சமிக்ஞைக் கால்களில் 5 வோல்ட்டை அனுப்பும். என்னிடம் இருந்தது அதைத் திருத்தி வைத்த கருவி. இன்னொரு தொல்லை, கிளிப் வழியே போகும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற உறுப்புகளும் உறிஞ்சுவதால், படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வரலாம். முதலில் எடுத்த பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கிளிப்பைச் சரியாக உட்காரவைத்து, அடுத்தடுத்து எடுத்த பிரதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போன பிறகுதான் அதை நம்பினேன். பயாஸ் பகுதியை மட்டும் புதிய பதிப்பால் நிரப்பி, நெட்வொர்க் முகவரி இருக்கும் பகுதியையும் இன்டெல்லின் நிர்வாக நிரல் இருக்கும் பகுதியையும் பழைய பிரதியில் இருந்தபடியே விட்டு, வரிசை எண்ணை உரிய இடத்தில் சேர்த்து எழுதினேன். எழுதியதும் சரிபார்ப்பும் தடையில்லாமல் முடிந்தன, கணினி எழுந்தது.

இது வரை தொழில். என்னை விடாமல் பிடித்திருப்பது, எழுதுவதற்கு முன் நான் எடுத்து வைத்த அந்தப் பழுதான பிரதி. அதன் பயாஸ் பகுதியில் ஓர் எல்லை வரை புதிய பதிப்பு இருந்தது. அந்த எல்லையை அடுத்து 64 கிலோபைட் அளவுக்கு எஃப் எஃப் என்ற எண் மட்டுமே வரிசையாக இருந்தது. அதற்குப் பிறகு பழைய பதிப்பு அப்படியே தொடர்ந்தது. இந்த வகைச் சிப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கையாள்வார்கள், எழுதும் முன் அந்தக் கட்டத்தை அழிக்க வேண்டும். அழித்த கட்டம் முழுவதும் எஃப் எஃப் ஆகிவிடும். ஆக, ஒரு கட்டத்தை அழித்துவிட்டு அதில் எழுதத் தொடங்கும் முன் வேலை நின்றிருக்கிறது. எங்கே நின்றது என்பதைச் சிப் துல்லியமாகக் காட்டிவிட்டது. எப்போது நின்றது என்பதை அது காட்டாது.

என் பக்கத்துக்கு வலுவான கணக்கு ஒன்று உண்டு. சிப் தயாரிப்பாளரின் தரவுத்தாளின்படி, ஒரு 64 கிலோபைட் கட்டத்தை அழிக்கச் சாதாரணமாக ஒரு நொடியின் சிறு பகுதியே ஆகும். சிப் முழுவதையும் அழித்து எழுதச் சில நிமிடங்கள் போதும். அப்படியிருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் கருப்பாகக் கிடந்த கணினி, சரியாக அக்காவின் விரல் பட்டனைத் தொட்ட அந்தக் கணத்தில்தான் ஒரு கட்டத்தை அழித்து முடித்து அடுத்ததாக எழுதத் தயாராக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அது வெகு முன்பே முடங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் மனம் சமாதானமாகிறது.

சமாதானம் அந்த விசிறிச் சத்தத்தில் வந்து உடைகிறது. முழுதாக முடங்கிய கணினியின் விசிறி பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடும். ஏறி ஏறி இறங்குகிறது என்றால், அது தன்னைத் தானே மறுதொடக்கம் செய்து திரும்பத் திரும்ப எதையோ முயன்றிருக்கலாம். அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே கட்டத்தை அழித்து, எழுத முயன்று, தோற்று, மறுபடி தொடங்கியிருக்கக்கூடும். அப்போது அந்த வெற்றிடம் ஒரு கணத்துக்கு உரியதாக இல்லாமல் மணிக்கணக்கில் இருந்த ஒன்றாகிவிடுகிறது, என் கணக்கும் அடிபட்டுப்போகிறது. அந்தக் கட்டம் தேய்ந்த கட்டம் என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் எழுதியபோது அது எந்த முரண்டும் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு சுற்றில் அதுவே வெற்றி பெற்றிருக்குமா? என்றைக்கும் பெற்றிருக்காது என்றும் வாதிடலாம். அக்கா அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னார், நானும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் அணைக்கச் சொன்னேன். மாத இறுதி, ஆள் காத்திருக்கிறார், நான் அறுபது எழுபது மைல் தள்ளி இருக்கிறேன். அந்த நிலையில் இன்னும் காத்திருங்கள் என்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது?

அதைவிட அதிகமாக நான் திரும்பிப் பார்ப்பது அக்காவின் கேள்வி அமைந்த விதத்தை. ‘நீங்க அணைக்கச் சொன்னதுனாலயா’ என்று அவர் கேட்கவில்லை. ‘நா அணைச்சதுனாலயா’ என்றுதான் கேட்டார். விரல் அவருடையது என்பதால் குற்றமும் தன்னுடையது என்று அவர் இரவெல்லாம் எண்ணியிருக்க வேண்டும். நான் “இல்லை” என்றபோது அவருக்கு ஆறுதல் சொல்வதாகவே நினைத்தேன். அதே வார்த்தையில் என்னையும் விடுவித்துக்கொண்டேன் என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. சந்தேகத்தோடு, “தெரியலீங்கக்கா, எதுவா இருந்தாலும் சொன்னது நான்தான்” என்று சொல்லியிருந்தால்? அவருக்கு அது பாதி ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். இனி எந்தக் கணினியையும் தொடவே அஞ்சியிருப்பார். என் பதில் அவருக்கு நல்லது செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்லது செய்த பதில் எனக்கும் வசதியாக இருந்ததுதான் இடிக்கிறது.

கிளை மேலாளருக்குக் கொடுத்த அறிக்கையில், புதுப்பிப்பு இடையில் நின்றதாகவும் சிப் மீண்டும் எழுதப்பட்டதாகவும் குறிப்பிட்டேன். அணைத்தது யார், அணைக்கச் சொன்னது யார் என்ற இரண்டும் அதில் இல்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. பிறகு, அதே வகைக் கணினி ஒன்றை வேறொரு கிளையில் நேரில் இருந்து புதுப்பித்தேன். அதிலும் திரை கருத்தது, விசிறி ஏறி இறங்கியது. நெடுநேரம் கழித்துத் தானாகவே எழுந்தது. அக்காவின் கணினி காத்திருந்த நேரம் அதைவிட அதிகம் என்பதால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. ஆனாலும் அன்று முதல், புதுப்பிப்பில் திரை வராவிட்டால் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடும்படி எல்லாக் கிளைகளுக்கும் சொல்லி வருகிறேன். சில நிமிட வேலைக்கு எதற்கு ஓர் இரவு என்று ஒரு கிளையில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கணக்குப்படி அவர்கள் கேட்டது நியாயம்தான். அக்காவிடம் இந்த இரண்டாவது கணினியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.