டிரெயின் போல்ட் மரை போன எஞ்சினுக்கு ஹெலிகாயில் போட்ட அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக். ஆயில் மாற்றலாம் என்று, அதை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால், லூசான பிறகும் கையால் சுற்ற வரவில்லை. கடைசிச் சுற்று வரை ஸ்பேனர் கேட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மரை முழுக்க அலுமினியம் ஸ்பிரிங் போலச் சுற்றியிருந்தது. கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் அடிப்பக்க உறையில், இருக்க வேண்டிய மரைதான் அது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையின் வாய்ப்பக்கம் வழவழப்பாக இருந்தது, உள்ளே ஆழத்தில் மட்டும் கொஞ்சம் மரை மிச்சம்.

போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். மல்லுக்கட்டினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். ஆனால் வேலை கெட ஆரம்பிப்பது பெரும்பாலும் வாஷரில். ஒருமுறை நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டால் லேசாகக் கசியும். கசிகிறதே என்று இன்னொரு இழுப்பு. அடுத்த ஆயில் மாற்றத்தில் அதற்கும் மேல் ஒன்று. 12 மி.மீ. டிரெயின் போல்ட்டுக்குப் பல மேனுவல்களில் இறுக்கும் விசை 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் போட்டிருப்பார்கள். 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அளவுக்கு இழுத்தாலே 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். தரையில் படுத்துக்கொண்டு தோள் பலத்தையும் கொடுத்து இழுத்தால் அதைப்போல இரண்டு மடங்கு போவது கைக்கே தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? டெஃப்லான் டேப் சுற்றுவதைப் பலர் சொல்வார்கள். மரையே இல்லாத இடத்தில் டேப் எதைப் பிடிக்கும்? ஓடும்போது போல்ட் விழுந்தால் ஆயில் நேராகப் பின் டயருக்குப் போகும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் போல்ட்டும் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். கொஞ்சம் சாய்ந்து ஏறிவிட்டால் அப்புறம் வாஷர் ஒழுங்காக உட்காராது.

நிரந்தரமான வழி என்று எனக்குப் பட்டவை இரண்டு. ஒன்று, துளையைப் பெரிதாக்கி 14 மி.மீ. மரை வெட்டி, பெரிய போல்ட் போடுவது. இன்னொன்று ஹெலிகாயில், அதாவது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றி அதையே புது மரையாக்குவது. என் போல்ட் எம்12 (12 மி.மீ. விட்டம்), பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.5 மி.மீ. இதற்கான ஹெலிகாயில் டேப் (tap, மரை வெட்டும் கருவி) வெட்டும் மரையின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட 14 மி.மீ.தான். இரண்டிலும் கேஸிலிருந்து போகிற அலுமினியம் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், இரும்பு மரையும் பழைய அளவு போல்ட்டும் கிடைக்கிற ஹெலிகாயிலையே தேர்ந்தெடுத்தேன். 14 மி.மீ. போல்ட்டின் வாஷரும் பெரிது. அது உட்காரும் அளவுக்கு என் கேஸில் சமதளம் இல்லை.

பைக்கைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டால் வேலை செய்ய வசதி என்பது உண்மைதான். ஆனால் வெட்டுகிற தூளெல்லாம் எஞ்சினுக்குள் விழும். அதனால் பைக்கை உயர்த்தி நிறுத்தி, கீழிருந்து மேல்நோக்கியே வேலை செய்தேன். தூள் முகத்தில் விழும், கண்ணாடி கட்டாயம். வழிந்து முடிந்தபின்னும் சொட்டுகிற ஆயில் முழங்கை வரை வரும்.

டிரில் மெஷினைத் தொடவே இல்லை. அலுமினியத்தில் பிட் கவ்விக்கொண்டு உள்ளே பாய்ந்துவிடும், உள்ளே எதன்மேல் இடிக்கும் என்பது தெரியாது. எடுக்க வேண்டியதோ மெல்லிய ஒரு வளையம்தான். ஹெலிகாயில் கிட்டில் வந்த பிட்டை டேப் ஹேண்டிலில் மாட்டிக் கையாலேயே சுற்றினேன். எவ்வளவு ஆழம் என்று முன்பே அளந்து பிட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டேன். பிட்டின் பள்ளங்களில் கிரீஸ் அப்பியிருந்ததால் தூளில் பெரும்பகுதி அதிலேயே ஒட்டி வந்தது.

மரை வெட்டுவதில்தான் நிதானம் வேண்டும். முதல் இரண்டு சுற்றில் டேப் நேராகப் பிடித்துவிட்டால் மீதி தானே வரும். அங்கே சாய்ந்தால் பிறகு திருத்த வழியில்லை. வாஷர் உட்காரும் தளத்தில் சின்ன மூலைமட்டத்தை நிறுத்தி, நான்கு பக்கமும் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகும்போது வெளியே எடுத்து, துடைத்து, புதிதாக கிரீஸ் வைத்து மறுபடியும்.

கம்பிச்சுருளின் நீளத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. 12 மி.மீ. நீளமும் கிடைக்கிறது, 18 மி.மீ. நீளமும் கிடைக்கிறது. நீளமானது நல்லது என்று தோன்றும். ஆனால் என் கேஸின் கனத்துக்கு அது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், எனவே 12. துளையை பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சுருளின் வெளிப்புறம் ஒரு சொட்டு நடுத்தர பலமுள்ள திரெட் லாக்கர் வைத்து ஏற்றினேன். சுருளின் விளிம்பு துளையின் வாயிலிருந்து கால் சுற்றாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வெளியே துருத்தினால் வாஷர் அதன்மேல் உட்கார்ந்து கசியும்.

ஏற்றுவதற்குப் பிடியாகச் சுருளின் நுனியில் ஒரு குட்டி வால் இருக்கும், ஏற்றி முடித்ததும் அதை உடைக்க வேண்டும். கிட்டோடு வந்த காகிதம் பன்ச் (punch) கம்பியை வைத்துத் தட்டச் சொன்னது. தட்டினால் வால் எங்கே விழும்? எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள். ஊசிமூக்குக் கொறடால் வாலைப் பிடித்து, மேலும் கீழும் வளைத்து, பிடியை விடாமல் உடைத்து வெளியே எடுத்தேன். இந்த முழு வேலையில் அதிகம் வியர்த்தது இதற்குத்தான்.

லாக்கர் இறுக ஒரு நாள் விட்டாயிற்று. அலுமினியத் தூள் காந்தத்துக்கு வராது, கழுவித்தான் எடுக்க வேண்டும். மலிவான புது ஆயிலை மேலே ஊற்றி, கீழே வெள்ளைத் துணியில் பிடித்தேன். முதல் ஊற்றில் மினுமினுவென்று துகள்கள் வந்தன. துணி சுத்தமாகும் வரை ஊற்றினேன்.

புது போல்ட், புது அலுமினிய வாஷர், குறித்த அளவில் கிளிக் அடிக்கும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர். கிளிக் கேட்டபோது, பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்றுதான் கை சொன்னது. விட்டுவிட்டேன். எஞ்சினைச் சூடேற ஓடவிட்டு, துடைத்து, கீழே காகிதம் விரித்து இரவு முழுக்க நிறுத்தினேன். சொட்டு இல்லை. இப்போது போட்ட ஆயிலை முழுக் காலமும் ஓட்டப்போவதில்லை. 500 கிலோமீட்டரில் இறக்கி, அப்போதே ஆயிலை வடிகட்டும் ஸ்டிரெய்னரையும் கழற்றித் தூள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.