மானியம் கைக்கு வராது, கடனில்தான் கழியும்

ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் வயலிலும் வேலை இருக்காது, களத்திலும் இருக்காது. இளைஞர்கள் வளைகுடாவுக்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படிப் போய்த் திரும்பியவன்தான். எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வத்தல் மூட்டை மூட்டையாக வெளியூருக்கே போய்க்கொண்டிருந்தது. அதை இங்கேயே அரைத்து விற்க வேண்டும் என்ற ஆசையில், புதிதாகத் தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் இணையத்தில்தான். அதில் சிரமமில்லை. மாவட்டத் தொழில் மையம் பரிசீலித்து வங்கிக்கு அனுப்புகிறது. கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. முதலில் போன வங்கியில் சொத்து ஈடு கேட்டார்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. அதை எழுத்தில் காட்டியும் கோப்பு நகரவில்லை. வேறு வங்கிக்கு மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது.

கணக்கு இதுதான். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீத மானியம்; பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று மத்திய அரசு அடையாளம் கண்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்களும்’ சிறப்புப் பிரிவில் சேரும். ராமநாதபுரம் அதில் ஒன்று. 10 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் 50 ஆயிரம் நம் பங்கு, மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியமான 3.5 லட்சம் நம் பெயரில் 3 ஆண்டுகள் வைப்பில் இருக்கும். அதற்கு வட்டி கிடைக்காது. அந்த அளவு கடனுக்கு வட்டியும் கிடையாது. கள ஆய்வில் தொழில் நடப்பது உறுதியானால்தான் அந்த மானியத்தைக் கடனில் கழிப்பார்கள்.

இந்த 3 ஆண்டுப் பூட்டைப் பலரும் திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஊருக்கு வேண்டியது ஓடும் ஆலை. இயந்திரத்தை வாங்கி, மானியத்தைப் பெற்று, ஷட்டரை இறக்கிவிட்டுப் போவதால் யாருக்கும் வேலை கிடைக்காது.

திட்ட அறிக்கையில் எல்லோரும் இயந்திர விலையையே பார்க்கிறார்கள். எங்கள் தொழிலில் உயிர்நாடி நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் சுழலும் பணம். வத்தல் வரத்து மாசி முதல் சித்திரை வரைதான். அப்போது வாங்கி இருப்பு வைத்தால்தான் ஐப்பசியிலும் காம்பு கிள்ளும் பெண்களுக்குக் கூலி கொடுக்க முடியும். அந்தத் தொகையைக் குறைத்து எழுதினால் பாதி ஆண்டு ஆலை சும்மா கிடக்கும். அதற்காகக் கூட்டியும் எழுதிவிடக் கூடாது. அதற்கென வங்கி அனுமதித்த வரம்பைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் மானியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் விதி இருக்கிறது. எனக்குக் கைகொடுத்தது கமிஷன் கடைக்காரர் ஒருவரின் பழைய விலைக் குறிப்புகள். மாத வாரியாக வத்தல் விலையை அறிக்கையில் இணைத்ததும் வங்கி மேலாளர் கேட்ட கேள்விகளின் தொனியே மாறியது.

இந்த அளவு திட்டத்துக்குத் தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். அது இணையவழியிலும் உண்டு. முதல் கடனில் புதிய தொழிலுக்கு மட்டுமே மானியம் என்பதால், கடன் அனுமதி வருமுன் ஆலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

என்னிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொந்தமாக ஊறுகாய் போட விரும்புகிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதால் தயங்கினார். உற்பத்தித் தொழிலில் 10 லட்சம் வரையிலான திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவையில்லை. அவருக்கான அறிக்கையை இப்போது இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.