ஆடியில் பிரித்துப் போட்ட மண்டபக் கணக்கு

17 ஜூலை 2025, கோபி

ஆடி ஒன்று. இனி ஒரு மாதம் முகூர்த்தம் கிடையாது. மண்டபத்தில் வெள்ளையடிக்கிறார்கள், நான் அவர்களுடைய பதிவு மென்பொருளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். வைகாசியில் பெரிய ஹாலை ஒரே நாளில் இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டது. எழுதியது நான்தான். மேனேஜர் ஐயா திட்டவில்லை, "ஏங்கண்ணு, உன்ற கம்ப்யூட்டருக்கு நாள் பாக்கத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

19 ஜூலை

பிழை அகப்பட்டது. புதுப் பதிவின் தொடக்கமோ முடிவோ பழைய பதிவுக்குள் விழுகிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒருவர் சீர், முகூர்த்தம், விருந்து என்று மூன்று நாள் கேட்டார். நடு நாள் ஏற்கெனவே போயிருந்தது. மூன்று நாளின் இரண்டு நுனியும் அதற்கு வெளியே இருக்க, குவெரி (டேட்டாபேஸிடம் நிரல் கேட்கும் கேள்வி) 'காலி' என்றுவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான்: பழையது முடியும் முன் புதியது தொடங்குகிறதா? புதியது முடியும் முன் பழையது தொடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மோதல். இரண்டே ஒப்பீடு. இதற்கு நான் எழுதியிருந்தது பதினோரு வரி!

22 ஜூலை

பதிவுகள் இருக்கும் டேபிளைப் புரட்டினால் முடிவு நேரமெல்லாம் 3:59. இங்கே வாடகை மாலை 4 முதல் மறுநாள் மாலை 4 வரை. என் பழைய குவெரியில் இருந்த 'பிட்வீன்' ஒப்பீடு இரண்டு நுனியையும் சேர்த்தே எண்ணும் என்பதால், ஒருவர் சாவி கொடுக்கும் அதே 4 மணிக்கு அடுத்தவர் வாங்கினால் மோதல் என்று வந்திருக்கிறது. அதற்குக் கணக்கர் கண்ட வைத்தியம் 3:59.

நான் வைத்திருக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில், தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கும் ரேஞ்ச் வகைகள் 2012-இலிருந்தே இருக்கின்றன. டேட்ரேஞ்ச் நாளை மட்டும் அறியும். மண்டபத்து நாளோ நள்ளிரவில் முடிவதில்லை. அதனால் நேரத்தையும் அறியும் டிஎஸ்ரேஞ்ச். '[' போட்டுத் தொடங்கி ')' போட்டு முடித்தால் தொடக்கம் சேரும், முடிவு சேராது. 4-இல் முடிவதும் 4-இல் தொடங்குவதும் உரசாமல் ஒட்டி நிற்கும்.

27 ஜூலை

டேபிளிலேயே எக்ஸ்க்ளூட் கட்டுப்பாடு போட்டேன்: ஹால் எண் '=' (ஒன்றே), காலம் '&&' (ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது), இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் வரிசை ஏற்கெனவே இருந்தால் புதியதை ஏற்காதே. இந்தக் கட்டுப்பாடு ஜிஸ்ட் என்ற வகை இன்டெக்ஸை வைத்து வேலை செய்கிறது; ஹால் எண்ணையும் அதில் வைக்க பிடிரீ_ஜிஸ்ட் நீட்சி வேண்டும். அது தெரியாமல் காலைப்பொழுது போனது. அப்புறம் பழைய தரவே இடித்தது. பிழைச் செய்தி ஒரு சமயத்தில் ஒரு ஜோடியைத்தான் காட்டுகிறது. டேபிளைத் தன்னோடே ஜாயின் செய்து எல்லாவற்றையும் எடுத்தேன்: ஏழு. ஐந்து, ரத்தான பதிவுகள். கட்டுப்பாட்டின் கடைசியில் 'ரத்தாகாதவை மட்டும்' என்று 'where' நிபந்தனை சேர்த்ததும் அவை ஒழிந்தன.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறை. கால் வைக்க இடமில்லை.

9 ஆகஸ்ட்

இரண்டு ஜன்னல் திறந்து ஒரே நாளை இரண்டிலும் போட்டேன். முதலாவது கமிட் ஆகும்வரை (உறுதியாகப் பதிவாகும்வரை) இரண்டாவது காத்திருந்து, பிறகு பிழை காட்டி விழுந்தது. குவெரியில் மட்டும் சோதித்திருந்தால் இரண்டும் உள்ளே போயிருக்கும்.

ஐயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "வேண்டியவங்க வந்து ரெண்டு மணி நேரம் முன்னாடி கேட்டா?"

"முடியாதுங்கய்யா. விடாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப முந்தின வீட்டுக்காரங்ககிட்டப் பேசி, அவங்க முடிவை ரெண்டு மணின்னு மாத்திக்கறேன். அப்ப விடுமா?"

மாற்றிப் பார்த்தோம். விட்டது.